கடைசி நாள் கடந்த பின் அரசுப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்க விண்ணப்பிக்கும் முறை

இளநிலைப் பட்டத்தின் இறுதிப் பருவத் தேர்வு முடிவு ஜூலை வரை இழுத்துக்கொண்டு போவதும், அதற்குள் முதுநிலை விண்ணப்பத்துக்கான கடைசி நாள் கடந்துவிடுவதும் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் காணும் காட்சிகள். பொறியியல் முடித்த பிறகு செய்தித் துறைமீது மனம் திரும்பியவர்கள், ஓராண்டு வேலை பார்த்துவிட்டு மீண்டும் படிக்க வருபவர்கள், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுநிலை நுழைவுத் தேர்வு மார்ச்சிலேயே நடந்து முடிந்த செய்தியை ஜூனில் கேள்விப்படுபவர்கள் எனத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. நான் பார்த்த வரையில், தாமதமாக வந்து இடத்தைத் தவறவிட்டவர்களில் பலர் இடமே இல்லாததால் தவறவிடவில்லை. காலியிடம் இருந்த சில நாட்களில் யாரைக் கேட்பது என்று தெரியாமலோ, கேட்டபோது கோப்பில் ஒரு சான்றிதழ் குறைந்ததாலோதான் தவறவிட்டார்கள். ஆகவே இக்கட்டுரை அவ்விரண்டைப் பற்றியே மிகுதியும் பேசும். முதுநிலை இதழியல், தொடர்பியல் படிப்புகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இளநிலையில் சேர விரும்புவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தக் கடைசி நாள் கடந்தது?

முதலில் அறிவிக்கையை முழுமையாகப் படிக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கையில் குறைந்தது மூன்று கடைசி நாட்கள் உண்டு. இணையவழி விண்ணப்பத்தை அனுப்புவதற்கான நாள், தேர்வானவர்கள் கட்டணம் செலுத்திச் சேர்வதற்கான நாள், அந்தக் கல்வியாண்டின் சேர்க்கையைப் பல்கலைக்கழகம் முற்றாக மூடும் நாள் ஆகியவையே அவை. முதல் நாள் கடந்துவிட்டதால் மூன்றாம் நாளும் கடந்துவிட்டதாகப் பொருள் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் கால நீட்டிப்பு அறிவிப்புகளும், தாமதக் கட்டணத்துடன் விண்ணப்பம் பெறும் அறிவிப்புகளும், ஸ்பாட் அட்மிஷன் என்று எல்லோரும் சொல்லும் நேரடிச் சேர்க்கை அறிவிப்புகளும் வருகின்றன. இவை பெரும்பாலும் பல்கலைக்கழக இணையதளத்தின் முகப்பில் ஒரு வரியாக ஓடி, இரண்டு மூன்று நாட்களில் மறைந்துவிடும். ஆகவே காலையிலும் மாலையிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது சில வாரங்களுக்கு அன்றாட வேலையாகிவிட வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, இதழியல் கல்வி நடைபெறும் துறைகள் வெவ்வேறு பெயர்களில் இயங்குகின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை இருக்கிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் அது தொடர்பியல் மற்றும் ஊடகவியல் துறை; திருநெல்வேலி அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வெறுமனே தொடர்பியல் துறை; சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறை; மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியலோடு அறிவியல் தொடர்பியலும் சேர்ந்திருக்கிறது. விண்ணப்பப் பக்கத்தில் ‘இதழியல்’ என்ற சொல்லை மட்டும் தேடிவிட்டுப் படிப்பே இல்லை என்று முடிவு செய்தவர்களை நான் அறிவேன். சென்னையில் மறுக்கப்பட்டவருக்கு நெல்லையில் இடம் இருக்கக்கூடும் என்பதால், ஒரே நேரத்தில் நான்கைந்து துறைகளை விசாரிப்பதே தாமதமாக வருபவருக்கு ஏற்ற வழி.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் நாட்காட்டி வேறு. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் முதுநிலைச் சேர்க்கையைக் கியூட் மதிப்பெண்ணை வைத்து நடத்துகின்றன. அந்தத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். தேர்வையே எழுதாதவருக்குக் கதவு அடைபட்டுவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் 2024 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்த பின்னும் இடங்கள் காலியாக இருந்தால், முதலில் கியூட் எழுதியவர்களைக் கொண்டு, அவர்கள் எழுதிய பாடம் வேறாக இருந்தாலும், நிரப்பலாம் என்றும், அதன் பிறகும் மிஞ்சும் இடங்களுக்குப் பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தியோ தகுதித் தேர்வின், அதாவது முந்தைய பட்டப் படிப்பின், மதிப்பெண்ணைக் கொண்டோ சேர்க்கலாம் என்றும் அனுமதித்தது. எனவே வேறு பாடத்துக்குக் கியூட் எழுதிய ஒருவர் இதழியலுக்கு மாற நினைத்தால், அவர் வரிசையின் கடைசியில் நிற்பவர் அல்லர். தேர்வே எழுதாதவர் அக்கடைசிச் சுற்று அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அது எல்லா ஆண்டும் எல்லாத் துறைக்கும் வரும் என்ற உறுதி கிடையாது.

காலியிடம் எப்போது, யாரிடம் இருக்கிறது?

முதுநிலை இதழியலில் முதல் பட்டியலில் சேர்பவர்களில் சிலர் அதை இரண்டாம் விருப்பமாக வைத்திருப்பார்கள். சட்டம், பி.எட்., எம்.பி.ஏ., எம்.சி.ஏ. முதலியவற்றின் கலந்தாய்வுகள் பின்னால் நடக்க, அங்கே இடம் கிடைத்ததும் இங்கிருந்து விலகுகிறார்கள். இதனால் வகுப்பு தொடங்கி இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் திடீரெனக் காலியிடம் தோன்றுவதுண்டு. விலகியவர் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போன அன்றுதான் அந்த இடம் காகிதத்தில் காலியாகிறது. அதற்கு முன் கேட்டால் ‘இடம் இல்லை’ என்றே பதில் வரும், அது பொய்யும் அல்ல. ஆகவே ஒரு முறை கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், வாரத்துக்கு ஒரு முறை பணிவாக விசாரிப்பதில் தவறில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். காலியிடம் இருக்கிறதா என்பதைச் சொல்லக்கூடியவர் துறைத் தலைவரும் துறை அலுவலக ஊழியரும். கடைசி நாளுக்குப் பின் அதை நிரப்ப அனுமதிக்கும் அதிகாரமோ பதிவாளர் அலுவலகத்துக்கும் அதன் சேர்க்கைப் பிரிவுக்கும் உரியது. துறைத் தலைவர் ‘வாருங்கள், பார்க்கலாம்’ என்று சொன்னதை நம்பி வேறு கல்லூரியிலிருந்து விலகிவிடக் கூடாது. அதேபோல் சேர்க்கைப் பிரிவில் ‘தேதி முடிந்தது’ என்று சொன்னதைக் கேட்டுத் துறைக்குப் போகாமலே திரும்பவும் கூடாது. முதலில் துறைக்குப் போய்க் காலியிடத்தை உறுதி செய்துகொண்டு, துறைத் தலைவரின் வழியாகப் பதிவாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பதே முறை. தொலைபேசியில் கிடைக்கும் பதிலைவிட நேரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முற்பகல் 11 மணிக்கு முன் போய்விட்டால், கையெழுத்து வாங்க வேண்டிய அலுவலர் கூட்டத்துக்குச் சென்றுவிடும் தொல்லை குறையும்.

அந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெறுநர் பதிவாளர், வழி துறைத் தலைவர் என்று குறிப்பிட்டு, பொருள் வரியில் ‘முதுகலை இதழியல் படிப்பின் காலியிடத்துக்குப் பரிசீலிக்கக் கோருதல்’ என்று எழுதலாம். உடல்பகுதி ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: “எனது இளநிலைப் பட்டத் தேர்வு முடிவு, தங்கள் துறையின் விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பின்னர் வெளியானதால், குறித்த காலத்தில் என்னால் விண்ணப்பிக்க இயலவில்லை. துறையில் காலியிடம் இருப்பதாக அறிகிறேன். விதிகளுக்கு உட்பட்டும், இனச்சுழற்சிக்கு உட்பட்டும் என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். உரிய தாமதக் கட்டணத்தைச் செலுத்த இசைகிறேன். சான்றிதழ்களின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.” இவ்வளவு போதும். (இனச்சுழற்சி என்பது இடஒதுக்கீட்டின்படி இடங்களை வகுப்புவாரியாக நிரப்பும் வரிசை.) குடும்ப வறுமை, சிறுவயதுக் கனவு, எழுத்தின் மீதுள்ள காதல் ஆகியவற்றைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். கடிதத்தின் மீது குறிப்பெழுதி மேலே அனுப்பும் பிரிவு அலுவலருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தேவை தாமதத்துக்கான சரிபார்க்கத்தக்க காரணமும் அதற்கான ஆதாரமும். தேர்வு முடிவு வெளியான தேதி தெரியும்படி அச்சிட்ட பக்கம் அத்தகைய ஆதாரம். கடிதத்தின் இரண்டாம் படியில் தேதியுடன் கூடிய முத்திரையைப் பெற்று வைத்துக்கொள்வது, பின்னால் ‘உங்கள் கடிதம் வரவில்லையே’ என்ற பதிலைத் தவிர்க்கும்.

காலியிடத்தைப் பற்றிக் கேட்கும்போது அது எந்தப் பிரிவில் காலி என்பதையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 உட்படப் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்ற கணக்கு உண்டு. மிஞ்சும் 31 விழுக்காடு ஓசி எனப்படும் பொதுப் போட்டிக்கானது. ‘ஓசியில்தான் ஓரிடம் இருக்கிறது’ என்று சொல்லப்பட்டதும், அது முற்பட்ட வகுப்பினருக்கு மட்டும் உரியது என்று எண்ணித் திரும்பிவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த இடத்துக்கு மதிப்பெண் வரிசையில் எந்த வகுப்பினரும் போட்டியிடலாம்.

கோப்பு

தாமதமாக விண்ணப்பிப்பவரின் பலம் கோப்பில்தான் இருக்கிறது. காலத்தோடு விண்ணப்பித்தவருக்குச் சான்றிதழைப் பின்னால் கொடுக்க அவகாசம் தரும் அலுவலகம், நேரடிச் சேர்க்கையில் வருபவரிடம் அன்றே எல்லாவற்றையும் கேட்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், இளநிலையின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள் ஆகியவை அடிப்படை. 10+2+3 என்ற வரிசையில் முறையாகப் படித்ததைக் காட்டுவதற்காகவே பள்ளிச் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள்; பட்டம் எந்தப் பாடத்தில் என்பது இதழியலுக்குப் பெரும்பாலும் தடையாவதில்லை.

பலரை நிறுத்திவைப்பது இடப்பெயர்வுச் சான்றிதழ். ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலை முடித்து வேறொன்றில் முதுநிலை சேர்பவருக்கு, முன்னது தரும் இச்சான்றிதழ் தேவை. இது கல்லூரியில் கிடைக்காது. பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். நான் முதுநிலை சேர்ந்த ஆண்டில், எனக்கென ஓரிடம் இருப்பதாகத் துறையில் சொன்ன பிறகு, இந்த ஒரு தாளுக்காக வேறு மாவட்டத்துக்கு இரண்டு முறை பேருந்தில் போய் வந்தேன். இரண்டாம் முறை போனபோது, விண்ணப்பித்த முதல் நாளே விரைவுக் கட்டணம் செலுத்தியிருந்தால் அன்றே கிடைத்திருக்கும் என்று அங்கிருந்த ஊழியர் சாவதானமாகச் சொன்னார். ஆகவே எந்தத் துறையில் இடம் கிடைக்கும் என்று தெரியாவிட்டாலும், தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே இதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. சில பல்கலைக்கழகங்கள் பிற பல்கலைக்கழகத்தாரிடம் தகுதிச் சான்றிதழ் என்ற இன்னொன்றையும் கேட்கும். விசாரிக்கும்போதே இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்குச் சாதிச் சான்றிதழில் தனிச் சிக்கல் உண்டு. மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்கள் அங்கே செல்லா. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று குறிக்கும் ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பின், வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனப் பல மேசைகளைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். கல்விச் சேர்க்கைக் காலத்தில் அந்த மேசைகளில் குவியும் மனுக்களை நினைத்துப் பார்த்து, ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்து வைத்திருப்பவரே தப்பிக்கிறார். தம் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முன்னதாகப் பார்த்துவிட வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் முற்றிலும் ஒன்றல்ல.

பெயர் விஷயமும் சிறியது போலத் தோன்றிப் பெரிதாகும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் தந்தை பெயர் விரிவாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் தலைப்பெழுத்தே இல்லை என்றிருந்தால், இணையப் படிவம் மூன்றையும் மூன்று ஆட்களாக எண்ணும். தலைப்பெழுத்தைப் பெயரோடு ஒட்டி எழுதும் நம் வழக்கத்தை இப்படிவங்களை வடிவமைத்தவர்கள் அறியமாட்டார்கள் போலும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுவதும், ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதும் பாதுகாப்பானவை.

தேர்வுக்கும் நேர்காணலுக்கும் பத்து நாட்கள்

சில துறைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கின்றன. சில, சிறிய எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைக்கின்றன. தாமதமாக வருபவருக்கு இது இரண்டு நாள் முன்னறிவிப்பில் நடக்கக்கூடும் என்பதால், பதில் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பொது அறிவு நூலை மனப்பாடம் செய்வதைவிட, பத்து நாட்கள் இரண்டு தமிழ் நாளிதழ்களையும் ஓர் ஆங்கில நாளிதழையும் அருகருகே வைத்துப் படிப்பது நேர்காணலில் அதிகம் கைகொடுக்கும் என்பது என் கருத்து. ஒரே சட்டமன்ற நிகழ்ச்சியைத் தினத்தந்தி எந்தச் சொல்லில் தொடங்குகிறது, தினமணி எதைத் தலைப்பாக்குகிறது, ஆங்கில ஏடு எதை மூன்றாம் பத்திக்குத் தள்ளுகிறது என்பதைக் குறித்து வைத்தால், ‘செய்தி மதிப்பு என்றால் என்ன’ என்ற கேள்விக்கு நூலில் இல்லாத பதில் கையில் இருக்கும்.

அடிப்படை வரலாறும் சட்டமும் சில மணி நேரத்தில் படிக்கக்கூடியவை. ‘தி இந்து’ 1878-இலும் ‘சுதேசமித்திரன்’ 1882-இலும் தொடங்கப்பட்டன, இரண்டிலும் ஜி. சுப்பிரமணிய ஐயரின் பெயர் வரும். பாரதியார் ‘இந்தியா’ இதழைப் புதுச்சேரியிலிருந்து ஏன் வெளியிட நேர்ந்தது என்பது, பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய கேள்விக்கு நம் மண்ணிலிருந்தே கிடைக்கும் விடை. சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் சொல்கிறதே தவிர, பத்திரிகை என்ற சொல் அதில் இல்லை என்பதையும், 19(2) நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கான காலம் 30 நாட்கள். 1867-ஆம் ஆண்டின் பழைய அச்சகச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

‘ஏன் இதழியல்?’ என்ற கேள்வி தவறாமல் வரும். ‘சமூகத்துக்குச் சேவை செய்ய’ என்ற பதிலை நேர்காணல் குழு அன்று காலையிலிருந்து பலமுறை கேட்டிருக்கும். அதைவிட, சொந்த ஊரில் நிறுத்தப்பட்ட பேருந்துத் தடத்தைப் பற்றியோ, தூர்வாரப்படாத ஏரியைப் பற்றியோ, நேரில் போய் மூன்று பேரிடம் பேசி எழுதிய 300 சொற்களை அச்சிட்டுக் கையில் கொண்டுபோவது நல்லது. அது எங்கும் வெளியாகியிருக்க வேண்டும் என்பதில்லை. பேசியவர் யார், எப்போது, எந்த அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பவை சரியாக இருந்தால் போதும். அதைப் பார்த்த பிறகு கேள்விகள் அந்த ஏரியைப் பற்றியே திரும்பும், அவற்றுக்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் அந்த அறையில் இருக்கமாட்டார்.

வேறிடத்தில் கட்டிய பணமும் குறைந்துபோன வகுப்பு நாட்களும்

காத்திருக்கும் காலத்தில் தனியார் கல்லூரி ஒன்றில் கட்டணம் செலுத்தி இடம்பிடித்து வைத்திருப்போர் பலர். யுஜிசியின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும், 15 நாட்களுக்குள் என்றால் 90 விழுக்காடும், கடைசி நாளுக்குப் பிந்திய 15 நாட்களுக்குள் 80 விழுக்காடும், அதன்பின் 30-ஆம் நாள் வரை 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்க வேண்டும்; அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை. முழுக் கட்டணம் திரும்பும் நிலையில் நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு வரை, 5000 ரூபாய்க்கு மிகாமல், பிடித்துக்கொள்ளலாம். 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி செப்டம்பர் 30 வரை முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்தத்துடனும் திருப்பித் தரச் சொன்னது. இத்தகைய தளர்வு அந்தந்த ஆண்டுக்கு உண்டா என்பதை யுஜிசி இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டுமே அன்றிப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிக்கையில் உள்ளது. விலகல் கடிதத்தைத் தேதியுடன் மின்னஞ்சலிலும் அனுப்பினால், எந்த விழுக்காடு பொருந்தும் என்ற தகராறு எழாது.

கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலோ, அதன் பெயருக்கு எடுத்த வரைவோலையிலோ மட்டுமே செலுத்த வேண்டும். ‘உள்ளே ஆள் இருக்கிறது’ என்று தாமதமாக வருபவர்களைத் தேடி வரும் இடைத்தரகர்களிடம் இருப்பது, சேர்க்கைப் பிரிவில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அதே காலியிடத் தகவல்தான்.

சேர்ந்த அன்றே துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியது வருகைப் பதிவு. பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை தேவை. பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்று கொண்டால் 68 நாட்கள் வந்தாக வேண்டும். 22 நாட்கள்தான் தளர்வு. 15 வேலை நாட்கள் தாமதமாகச் சேர்ந்தவருக்கு, முதல் நாளிலிருந்து கணக்கிட்டால், காய்ச்சலுக்கும் அக்காள் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்குமாக ஏழே நாட்கள் மிஞ்சும். சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடுவார்களா என்பதை எழுத்தில் பெற முடிந்தால் பெற்றுக்கொள்ள வேண்டும். விடுதி இடம் அதற்குள் நிரம்பியிருக்கும் என்றே கொண்டு, முதல் மாதத்துக்கு உறவினர் வீட்டையோ வாடகை அறையையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது.

எங்கும் இடம் கிடைக்கவில்லையென்றால்

அப்போதும் அந்த ஆண்டு வீணாக வேண்டியதில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இதழியல் கற்பிக்கப்படுகிறது. தொலைநிலைப் படிப்புகளுக்கு ஜூலை, ஜனவரி என இரண்டு சேர்க்கைப் பருவங்கள் உண்டு. இவற்றில் சேர இப்போது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பணியகம் வழங்கும் டெப் ஐடி என்னும் அடையாள எண் தேவை. அதை ஆதாரோடு இணைந்த கல்வி மதிப்பெண் வங்கிக் கணக்கின் வழியாக உருவாக்க வேண்டியிருப்பதால், மேலே சொன்ன பெயர்ச் சிக்கல் இங்கும் தலைகாட்டும். நேரடி வகுப்புகளுக்கும் ஆண்டில் இருமுறை சேர்க்கை நடத்தலாம் என்று யுஜிசி 2024 ஜூனில் அறிவித்தது. ஆனால் அது பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது என்பதால், ஜனவரியில் இதழியல் வகுப்பு தொடங்குகிறதா என்று துறையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேரடி வகுப்பில்தான் படிப்பேன் என்பவர் அடுத்த கியூட் அறிவிப்பை டிசம்பரிலிருந்தே எதிர்பார்க்கலாம். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 90 நிமிடத்தில் 75 கேள்விகள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். அதற்கிடையிலுள்ள மாதங்களில் உள்ளூர் நாளிதழின் மாவட்ட அலுவலகத்திலோ வட்டார யூடியூப் செய்தித் தளத்திலோ பகுதிநேரச் செய்தியாளராகப் பழகுபவர், மாநிலப் பல்கலைக்கழகங்களின் அறிவிக்கை வெளியாகும் ஏப்ரல், மே மாதங்களில் அச்சேறிய தம் செய்திகளின் நகல்களையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம். இடப்பெயர்வுச் சான்றிதழ் இம்முறை முதல் உறையிலேயே இருக்கட்டும்.